பொது சுகாதார நிதி மோசடி வழக்குகள் (இந்தியா)

பொது சுகாதார நிதி மோசடி வழக்கு என்பது, மக்களின் மருத்துவத் தேவைக்காக அரசு ஒதுக்கிய பணத்தைப் பொய் ஆவணம், பொய்க் கணக்கு அல்லது வேறு ஏமாற்று வழிகளால் கையாடியவர்கள் மீது தொடரப்படும் குற்ற வழக்கு ஆகும். அரசு அலுவலர்கள், மருத்துவர்கள், மருந்து மற்றும் கருவி வழங்குநர்கள், கட்டுமான ஒப்பந்தக்காரர்கள், தனியார் மருத்துவமனைகள், தன்னார்வ அமைப்புகள் எனப் பலரும் இவ்வகை வழக்குகளில் குற்றஞ்சாட்டப்படுவதுண்டு.

இவ்வகை மோசடி வெளிப்படும்போது செய்தியில் இடம்பெறுவது பெரும்பாலும் ஒரு பெரிய தொகை. ஆனால் நீதிமன்றத்தில் மெய்ப்பிக்க வேண்டியது அத்தொகை அன்று. எந்தத் தாள் பொய்யானது, அதை உருவாக்கியவர் யார், அது பொய் என்று அறிந்தே பணம் வழங்கியவர் யார் என்ற கேள்விகளுக்கே அங்கு விடை வேண்டும். தணிக்கையில் தெரியவந்த முறைகேடுகளில் பல தண்டனையில் முடியாமல் போவதற்கு இந்த வேறுபாடு முக்கியக் காரணம்.

நிதி செல்லும் வழி

2005ஆம் ஆண்டு ஏப்ரல் 12 அன்று தேசிய ஊரக சுகாதார இயக்கம் தொடங்கப்பட்டது. இதன் நிதி நடுவண் அரசிடமிருந்து மாநில சுகாதாரச் சங்கத்துக்கும், அங்கிருந்து மாவட்டச் சங்கத்துக்கும், பின்னர் வட்டார மருத்துவமனை, ஆரம்ப சுகாதார நிலையம், துணை சுகாதார நிலையம் ஆகியவற்றுக்கும் சென்றது. துணை சுகாதார நிலையம் ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு 10,000 ரூபாயும், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு 25,000 ரூபாயும் கட்டுப்பாடற்ற நிதியாக வழங்கப்பட்டன. உள்ளூர்த் தேவையைப் பார்த்து உடனே செலவிட உதவுவதே இதன் நோக்கம்.

தொடக்க ஆண்டுகளில் இந்தப் பணம் மாநிலக் கருவூலம் வழியாகச் செல்லாமல், சங்கங்களின் வங்கிக் கணக்குகளுக்கு நேரடியாகச் சென்றது. இதனால் பணம் விரைவாகக் கிடைத்தது. அதே வேளையில், ஒவ்வொரு பட்டியலையும் கருவூல அலுவலர் சரிபார்க்கும் நடைமுறை இல்லாமல் போனது. 2014-15 முதல் நடுவண் திட்ட நிதி மாநிலக் கருவூலம் வழியாகவே விடுவிக்கப்படுகிறது.

நிதி இவ்வாறு பல படிகளைக் கடப்பதால், ஒவ்வொரு படியிலும் ஆவணங்கள் உருவாகின்றன. கொள்முதல் ஆணை, விலைப்புள்ளி, வழங்கல் சீட்டு, இருப்புப் பதிவேடு, வண்டியின் லாக் புக், பயனாளியின் கையொப்பமோ கைரேகையோ உள்ள பெறுகைச் சீட்டு, இறுதியில் மேலிடத்துக்கு அனுப்பப்படும் பயன்பாட்டுச் சான்றிதழ் ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. மோசடி நடப்பது இந்தத் தாள்களில்தான். அதைக் கண்டுபிடிக்க உதவுவதும் இவையே.

மோசடியின் பொதுவான வடிவங்கள்

* வராத பொருளுக்குப் பட்டியல்: மருந்தோ கருவியோ வந்து சேராமலே, வந்ததாக இருப்புப் பதிவேட்டில் எழுதிப் பணம் வழங்குதல்.
* போலி போட்டி: ஒரே ஆள் மூன்று நிறுவனங்களின் பெயரில் விலைப்புள்ளி தருதல். விதிப்படி மூன்று விலைப்புள்ளிகள் கோப்பில் இருக்கும். போட்டி மட்டும் இருக்காது.
* இல்லாத பயனாளி: பிரசவம் நடக்காத பெண்ணின் பெயரிலோ, ஒரே பெண்ணின் பெயரில் பலமுறையோ உதவித்தொகை எடுத்தல்.
* நடக்காத நிகழ்ச்சி: பயிற்சி முகாம், விழிப்புணர்வுக் கூட்டம், வாடகை வண்டி ஆகியவற்றுக்குப் பொய் ரசீது வைத்தல்.
* செய்யாத சிகிச்சை: காப்பீட்டுத் திட்டத்தில் நடக்காத அறுவைச் சிகிச்சைக்கோ, தேவையற்ற அனுமதிக்கோ கட்டணம் கோருதல்.

உத்தரப் பிரதேச ஊரக சுகாதார நிதி வழக்கு

இவ்வகையில் இந்தியாவில் பெரிதும் பேசப்பட்டது உத்தரப் பிரதேச மாநில வழக்காகும். 2005 முதல் 2011 வரையிலான காலத்தைத் தணிக்கை செய்த இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர், மாநில சுகாதாரச் சங்கத்துக்கு வந்த ஏறத்தாழ 8,657 கோடி ரூபாயில் கிட்டத்தட்ட 5,000 கோடி ரூபாய் விதிமுறைகளைப் பின்பற்றாமல் செலவிடப்பட்டதாகக் கூறினார்.

இந்த வழக்கு வெளியே வந்த விதம் கொடியது. மாவட்ட நிதியைக் கையாளும் பொறுப்பில் இருந்த குடும்ப நலத் தலைமை மருத்துவ அலுவலர் ஒருவர் 2010 அக்டோபரில் லக்னோவில் சுட்டுக்கொல்லப்பட்டார். அவருக்குப் பின் அப்பொறுப்புக்கு வந்தவரும் 2011 ஏப்ரலில் அதே நகரில் சுட்டுக்கொல்லப்பட்டார். மோசடி தொடர்பாகச் சிறையில் அடைக்கப்பட்டிருந்த துணைத் தலைமை மருத்துவ அலுவலர் ஒருவர் 2011 ஜூனில் லக்னோ மாவட்டச் சிறையில் இறந்து கிடந்தார். பணம் எப்படிப் போனது என்பதை அறிந்திருக்கக்கூடிய மூவர், எட்டு மாதங்களுக்குள் சாட்சிக் கூண்டில் ஏற முடியாத நிலைக்குச் சென்றுவிட்டனர்.

2011 ஏப்ரலில் மாநிலத்தின் குடும்ப நல அமைச்சரும் சுகாதார அமைச்சரும் பதவி விலகினர். 2011 நவம்பரில் அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் லக்னோ அமர்வு, திட்ட நிதி முழுவதும் செலவிடப்பட்ட முறையை விசாரிக்க சிபிஐக்கு உத்தரவிட்டது. 2012 மார்ச்சில் முன்னாள் குடும்ப நல அமைச்சர் பாபு சிங் குஷ்வாஹாவும், மே மாதத்தில் துறையின் முன்னாள் முதன்மைச் செயலாளரும் கைது செய்யப்பட்டனர். 134 மாவட்ட மருத்துவமனைகளை மேம்படுத்தும் பணி, மருந்துக் கொள்முதல் எனப் பொருள்வாரியாகவும் மாவட்டவாரியாகவும் தனித்தனி வழக்குகள் பதியப்பட்டு, காசியாபாத்திலுள்ள சிறப்பு நீதிமன்றத்துக்குச் சென்றன. கைதும் குற்றப்பத்திரிகையும் குற்றச்சாட்டின் படிகளே அன்றி, குற்றம் மெய்ப்பிக்கப்பட்டதன் அடையாளம் அல்ல.

தணிக்கைக் குறிப்புக்கும் குற்றத்துக்கும் உள்ள தொலைவு

மேற்கண்ட 5,000 கோடி ரூபாய் என்பது திருடப்பட்ட தொகை அன்று. விதிமீறலுடன் செலவிடப்பட்ட தொகை. ஒப்பந்தப்புள்ளி கோராமல் வாங்கியது, ஒரு தலைப்பின் பணத்தை மற்றொரு தலைப்பில் செலவிட்டது, பயன்பாட்டுச் சான்றிதழ் தராதது ஆகியவையும் இதற்குள் அடங்கும். இவற்றுள் சில வெறும் கவனக்குறைவாக இருக்கலாம். சில நல்ல நோக்கத்துடன் செய்த அவசரச் செலவாகவும் இருக்கலாம். சில மட்டுமே குற்றம்.

தணிக்கையாளரின் அறிக்கை அரசமைப்புச் சட்டத்தின் 151ஆம் உறுப்பின்படி நாடாளுமன்றத்திலோ மாநிலச் சட்டமன்றத்திலோ வைக்கப்படுகிறது. பொதுக் கணக்குக் குழு அதை ஆராய்கிறது. அவ்வறிக்கை இறுதித் தீர்ப்பு அன்று. அது அவையின் ஆய்வுக்கு உட்பட்டது என்று உச்ச நீதிமன்றம் 2013இல் கூறியுள்ளது. ஆகவே தணிக்கைக் குறிப்பு புலனாய்வுக்குத் திசை காட்டும். குற்றத்தை மெய்ப்பிக்கும் சான்றைப் புலனாய்வு அமைப்பு தனியே திரட்ட வேண்டும். தணிக்கையாளர் கோப்பைப் பார்த்து “பொருள் வந்ததற்குச் சான்று இல்லை” என்று எழுதினால் போதும். அரசு வழக்கறிஞரோ “பொருள் வரவே இல்லை, வந்ததாக எழுதியவர் அதை அறிந்தே எழுதினார்” என்று ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்க வேண்டும்.

பொருந்தும் சட்டப் பிரிவுகள்

2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் உள்ளது. அந்நாளுக்கு முன் செய்யப்பட்ட குற்றங்களுக்குப் பழைய சட்டமே பொருந்தும். எனவே இரண்டின் பிரிவு எண்களையும் அறிந்திருப்பது மாணவர்களுக்குத் தேவையாகிறது.

* அரசு ஊழியரின் நம்பிக்கை மோசடி: பழைய பிரிவு 409, புதிய பிரிவு 316(5). ஆயுள் தண்டனை அல்லது 10 ஆண்டுகள் வரை சிறை.
* ஏமாற்றிப் பொருள் பெறுதல்: பழைய பிரிவு 420, புதிய பிரிவு 318(4). 7 ஆண்டுகள் வரை.
* பொய் ஆவணம் புனைதல்: பழைய பிரிவு 465, புதிய பிரிவு 336(2). 2 ஆண்டுகள் வரை.
* ஏமாற்றும் நோக்கில் பொய் ஆவணம் புனைதல்: பழைய பிரிவு 468, புதிய பிரிவு 336(3). 7 ஆண்டுகள் வரை.
* மதிப்புடைய ஆவணத்தையோ பணம் பெற்றதற்கான ரசீதையோ பொய்யாகப் புனைதல்: பழைய பிரிவு 467, புதிய பிரிவு 338. ஆயுள் தண்டனை அல்லது 10 ஆண்டுகள் வரை.
* பொய் ஆவணத்தை உண்மையானதாகப் பயன்படுத்துதல்: பழைய பிரிவு 471, புதிய பிரிவு 340(2). புனைந்தவருக்குரிய அதே தண்டனை.
* பொய்க் கணக்கு எழுதுதல்: பழைய பிரிவு 477ஏ, புதிய பிரிவு 344. 7 ஆண்டுகள் வரை.
* கூட்டுச்சதி: பழைய பிரிவு 120பி, புதிய பிரிவு 61(2).

இவற்றுடன், அரசு ஊழியர்கள் மீது 1988ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டத்தின் 13ஆம் பிரிவும் சேர்க்கப்படும். தம் பொறுப்பில் உள்ள பொருளை நேர்மையற்ற முறையில் தமதாக்கிக்கொள்வது அப்பிரிவின்படி குற்றம். இதற்கான தண்டனை 2014 ஜனவரியில் 4 முதல் 10 ஆண்டுகளாக உயர்த்தப்பட்டது. அதற்கு முன் 1 முதல் 7 ஆண்டுகளாக இருந்தது. பின்னர் உயர்த்தப்பட்ட தண்டனையை முன்னர் நடந்த குற்றத்துக்கு விதிக்க அரசமைப்புச் சட்டத்தின் 20ஆம் உறுப்பு இடம் தருவதில்லை. ஆகவே 2005-11 காலக் குற்றங்களுக்குப் பழைய அளவே பொருந்தும்.

பணம் பெற்றதற்கான ரசீதைத் தனியே கடுமையாகக் கருதுவது கவனிக்கத்தக்கது. ஊரகத் தாய்மார்களுக்கு ஜனனி சுரக்ஷா திட்டத்தில் உத்தரப் பிரதேசம் போன்ற மாநிலங்களில் வழங்கப்பட்ட உதவித்தொகை 1,400 ரூபாய். அத்தொகையைப் பெற்றதாக ஒரு தாயின் கைரேகையைப் போலியாக வைத்தால், தொகை எவ்வளவு சிறிதாயினும் 467ஆம் பிரிவின் கீழ் ஆயுள் தண்டனை வரை விதிக்கத்தக்க குற்றமாகும்.

பொய்யான ஆவணமும் பொய் சொல்லும் ஆவணமும்

பேச்சு வழக்கில் பொய்த் தகவல் உள்ள எந்தத் தாளும் “போலி” எனப்படும். சட்டம் அப்படிக் கொள்வதில்லை. ஒருவர் எழுதாத அல்லது கையொப்பமிடாத ஆவணத்தை அவரே எழுதியதாக நம்பவைப்பது, உரிமையின்றி ஆவணத்தைத் திருத்துவது, ஏமாற்றியோ சுயநினைவற்ற நிலையிலோ ஒருவரிடம் கையொப்பம் பெறுவது ஆகிய மூன்று வகைகளையே பழைய 464ஆம் பிரிவு பொய் ஆவணம் என்கிறது. பிறர் சொத்தைத் தன் சொத்து எனச் சொல்லித் தன் பெயரிலேயே பத்திரம் எழுதித் தருவது இவ்வகையில் சேராது என்று முகமது இப்ராகிம் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2009இல் விளக்கியது. அப்படி எழுதியவர் பொய் சொல்லியிருக்கலாம்; ஆனால் வேறொருவர் போல நடித்து ஆவணம் செய்யவில்லை.

சுகாதார நிதி வழக்குகளில் இதன் விளைவு பெரிது. வராத மருந்து வந்ததாக மருந்தாளுநர் தம் சொந்தக் கையொப்பத்துடன் இருப்புப் பதிவேட்டில் எழுதினால், அந்தப் பதிவு பொய், கையொப்பம் மெய். இங்கு பொருந்துவது பொய்க் கணக்கு எழுதுதல், நம்பிக்கை மோசடி, ஊழல் தடுப்புச் சட்டம் ஆகியவையே. அதே மருந்தாளுநர் மருத்துவரின் கையொப்பத்தைத் தாமே போட்டால் அது பொய் ஆவணம் புனைதல் ஆகிவிடும்.

இரண்டாவது வரம்பு, ஆவணத்தைச் செய்தவர் யார் என்பது பற்றியது. தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஷீலா செபாஸ்டியன் வழக்கில் (2018), பொய் ஆவணத்தை உருவாக்கியவர் மீதே புனைதல் குற்றத்தைச் சுமத்த முடியும். அதனால் பயன் பெற்றார் என்பது மட்டும் போதாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வழக்கில் புலனாய்வு சரியாக நடத்தப்படாததையும் நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. போலி விலைப்புள்ளியால் ஒப்பந்தம் பெற்ற நிறுவனத்தின் மீது வழக்குத் தொடரும்போது, அதை அச்சிட்டது யார், கையொப்பமிட்டது யார் என்று காட்ட முடியாவிட்டால், பொய்யென அறிந்தே பயன்படுத்தியது, கூட்டுச்சதி ஆகிய பிரிவுகளையே நம்பி நிற்க வேண்டிவரும்.

தவறான பிரிவில் குற்றச்சாட்டு வனைவதால் உண்மையான மோசடி தப்பிவிடக்கூடும். எளிய பொய் ஆவணக் குற்றத்துக்கு உயர்ந்த தண்டனை 2 ஆண்டுகள் மட்டுமே என்பதால், மூன்று ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடர்ந்தாக வேண்டும் என்ற காலவரம்பும் உண்டு. 7 ஆண்டுகளோ அதற்கு மேலோ தண்டனை உள்ள பிரிவுகளுக்கு இவ்வரம்பு இல்லை.

மெய்ப்பிக்கும் முறை

இவ்வழக்குகளில் சான்று பெரும்பாலும் மூன்று அடுக்காகத் திரட்டப்படுகிறது.

முதலாவது, மூல ஆவணம். நகலில் எழுத்தின் அழுத்தம், மையின் வேறுபாடு, அழித்தெழுதிய தடம் ஆகியவற்றைச் சரிவரக் காண முடியாது. எனவே பதிவேடுகளின் மூலங்களை விரைந்து கைப்பற்றுவது புலனாய்வின் முதல் கடமை. மூலம் தொலைந்தாலோ எரிந்தாலோ வழக்கின் பெரும்பகுதி அதனுடன் போய்விடும்.

இரண்டாவது, கையெழுத்து ஒப்பீடு. ஐயத்துக்குரிய கையொப்பமும், குற்றஞ்சாட்டப்பட்டவரின் மாதிரிக் கையொப்பமும், அவர் முன்பு இயல்பாகப் போட்ட கையொப்பங்களும் ஆவண ஆய்வாளருக்கு அனுப்பப்படும். மாதிரிக் கையெழுத்துத் தருவது தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்வதாகாது என்று காத்தி காலு ஓகட் வழக்கில் (1961) பதினொரு நீதிபதிகள் கொண்ட அமர்வு முடிவு செய்தது. ஆய்வாளரின் கருத்தை வேறு சான்றின் துணையின்றி ஏற்கவே கூடாது என்ற விதி இல்லை. ஆயினும் எச்சரிக்கையுடன் அணுக வேண்டும் என்று முராரி லால் வழக்கில் (1980) உச்ச நீதிமன்றம் கூறியது. அதனால் கையெழுத்துக் கருத்தை மட்டும் வைத்து வழக்கை நிறுத்துவது அரிது.

மூன்றாவது, தாளுக்கு வெளியே உள்ள உண்மை. பல வழக்குகளில் முடிவைத் தருவது இதுவே. மருந்து ஏற்றிவந்ததாக எழுதப்பட்ட வண்டியின் பதிவெண் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எந்த வண்டிக்கு உரியது? வழங்கல் சீட்டிலுள்ள தொகுதி எண்ணில் மருந்து நிறுவனம் உண்மையில் மருந்து தயாரித்ததா? பயிற்சி முகாம் நடந்ததாகச் சொல்லப்படும் நாளில் அந்த அலுவலர் விடுப்பில் இருந்தாரா? பணம் பெற்றதாக எழுதப்பட்ட பெண் அந்த ஊரில் வசிக்கிறாரா? மருத்துவத் துறையைச் சேராத, ஆனால் இதே முறையில் நடந்த பீகார் கால்நடைத் தீவன ஊழலில், தீவனமும் கால்நடையும் ஏற்றிவந்த லாரிகள் என்று காட்டப்பட்ட பதிவெண்களுள் ஸ்கூட்டர்களுக்கு உரியவையும் இருந்தன. ஒரு வண்டி எண் பல கட்டுப் பட்டியல்களை வீழ்த்தியது.

வங்கிக் கணக்குத் தடம் இதன் தொடர்ச்சி. காசோலை யாருக்கு எழுதப்பட்டது என்பதைவிட, பணம் கணக்கில் ஏறிய சில நாட்களுக்குள் எவ்வாறு ரொக்கமாக எடுக்கப்பட்டது, யார் எடுத்தார், பின்னர் எங்குச் சென்றது என்பதே பங்குதாரர்களைக் காட்டும். சதியின் உள்விவரத்தை அறிந்த ஒருவருக்கு மன்னிப்பு அளித்து அவரை அரசுத் தரப்புச் சாட்சியாக மாற்றவும் சட்டம் இடம் தருகிறது.

முன் அனுமதி

அரசு ஊழியர் மீது ஊழல் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதிமன்றம் வழக்கை ஏற்க, 19ஆம் பிரிவின்படி அவரைப் பணிநீக்கம் செய்ய அதிகாரமுள்ளவரின் அனுமதி தேவை. 2018ஆம் ஆண்டுத் திருத்தம் இதற்கு மூன்று மாதங்களும், சட்ட ஆலோசனைக்கு மேலும் ஒரு மாதமும் வரம்பு விதித்தது. இந்தக் கெடு கட்டாயமானது; ஆனால் கெடு தவறியதாலேயே வழக்கு ரத்தாகாது, தாமதித்த அதிகாரியே பொறுப்பேற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022இல் கூறியது. அதே திருத்தம் சேர்த்த 17ஏ பிரிவின்படி, அலுவல் முறையில் எடுத்த முடிவு அல்லது தந்த பரிந்துரை பற்றிப் புலனாய்வு தொடங்கவே முன் ஒப்புதல் வேண்டும்.

அலுவல் கடமையைச் செய்யும்போது நடந்த செயல்களுக்கு, குற்ற விசாரணை முறைச் சட்டத்தின் 197ஆம் பிரிவு தனிப் பாதுகாப்புத் தருகிறது. புதிய சட்டத்தில் இது 218ஆம் பிரிவு. அரசு 120 நாட்களுக்குள் முடிவெடுக்காவிட்டால் அனுமதி தந்ததாகக் கொள்ளப்படும் என்று புதிய சட்டம் சேர்த்துள்ளது. ஏமாற்றுதல், பொய் ஆவணம் புனைதல் ஆகியவை அலுவல் கடமையின் பகுதியாக இருக்க முடியாது என்று பிரகாஷ் சிங் பாதல் வழக்கில் (2006) உச்ச நீதிமன்றம் கூறியது. இப்பாதுகாப்பு நேர்மையாக முடிவெடுத்தவரைப் பழிவாங்கலிலிருந்து காக்கவே தரப்பட்டது. ஆயினும் கோப்பு மாதக்கணக்கில் காத்திருக்கும்போது, பதிவேடும் காத்திருக்கும் என்பதற்கு உறுதி இல்லை.

யார் விசாரிப்பது

சுகாதாரம் மாநிலப் பட்டியலில் உள்ளது; காவல்துறையும் அவ்வாறே. எனவே மாநில ஊழல் தடுப்புப் பிரிவே இயல்பான விசாரணை அமைப்பு. 1946ஆம் ஆண்டின் தில்லி சிறப்புக் காவல் அமைப்புச் சட்டத்தின் 6ஆம் பிரிவின்படி, மாநிலத்துக்குள் சிபிஐ விசாரிக்க அம்மாநில அரசின் இசைவு வேண்டும். தமிழ்நாடு தன் பொது இசைவை 2023 ஜூனில் திரும்பப் பெற்றது.

ஆயினும் உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் மாநில இசைவின்றியே சிபிஐ விசாரணைக்கு உத்தரவிடலாம் என்று 2010இல் மேற்கு வங்க வழக்கு ஒன்றில் அரசமைப்பு அமர்வு முடிவு செய்தது. குற்றஞ்சாட்டப்படுபவர்களுள் ஆளும் அமைச்சர்களே இருக்கக்கூடிய நிலையில் இந்த அதிகாரம் முதன்மை பெறுகிறது. அடுத்த ஆண்டே உத்தரப் பிரதேச வழக்கில் இது பயன்படுத்தப்பட்டது.

ஒரு திட்டம், பல வழக்குகள்

ஒரே திட்டத்தில் பல மாவட்டங்களில் நடந்த மோசடியை ஒரே வழக்காக நடத்தலாமா என்ற கேள்வி அடிக்கடி எழும். தீவன ஊழல் வழக்கில் 2017 மே 8 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், பொதுவான சதி ஒன்றாக இருந்தாலும் வெவ்வேறு கருவூலங்களில், வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு தொகை எடுத்தவை தனித்தனிக் குற்றங்கள். ஒவ்வொன்றுக்கும் தனி விசாரணை வேண்டும் என்றது.

இதனால் ஒரு வழக்கில் விடுதலை பெற்றவர் மற்றவற்றிலிருந்து தப்ப முடியாது. மறுபுறம், சாட்சிகளும் ஆவணங்களும் பெருகி விசாரணை நீள்கிறது. ஊழல் தடுப்புச் சட்டம் இரண்டு ஆண்டுகளுக்குள் விசாரணையை முடிக்க முயல வேண்டும் என்றும், நீட்டிப்புகளோடு சேர்த்தும் நான்கு ஆண்டுகளைத் தாண்டக்கூடாது என்றும் கூறுகிறது. நடைமுறை இதிலிருந்து வெகு தொலைவில் இருந்துள்ளது. 1996இல் வெளிப்பட்ட தீவன ஊழலில் முன்னாள் முதலமைச்சர் லாலு பிரசாத் முதன்முறையாகத் தண்டிக்கப்பட்டது 2013இல்தான்.

பணத்தை மீட்டல்

தண்டனை கிடைத்தாலும் பணம் தானாகத் திரும்புவதில்லை. அரசுப் பணம் தொடர்பான குற்றங்களில் சொத்தை முடக்க 1944ஆம் ஆண்டின் குற்றவியல் சட்டத் திருத்த அவசரச் சட்டம் இன்றும் பயன்படுகிறது. 2018இல் இது ஊழல் தடுப்புச் சட்ட வழக்குகளுக்கும் வெளிப்படையாக நீட்டிக்கப்பட்டது. 2002ஆம் ஆண்டின் சட்டவிரோதப் பணப்பரிமாற்றத் தடைச் சட்டத்தின் கீழ் அமலாக்கத் துறையும் சொத்துகளை முடக்கலாம். முடக்கம் விரைவாக நடந்தால்தான் பயன் உண்டு. பணம் நிலமாகவும் உறவினர் பெயரிலான வைப்பாகவும் மாறிய பிறகு ஒவ்வொரு கைமாற்றையும் தனித்தனியே மெய்ப்பிக்க வேண்டும்.

சாட்சிகளின் பாதுகாப்பு

மோசடியை முதலில் அறிபவர்கள் கணக்கரும், மருந்தாளுநரும், செவிலியரும், இளநிலை மருத்துவரும்தான். லக்னோவில் நடந்த கொலைகள், நிதியைக் கையாளும் இடத்தில் இருப்பதே எவ்வளவு ஆபத்தானதாக மாறக்கூடும் என்பதைக் காட்டின. முறைகேட்டை வெளிப்படுத்துவோரைக் காக்கும் சட்டம் 2014இல் நிறைவேற்றப்பட்டும் நடைமுறைக்குக் கொண்டுவரப்படவில்லை. 2018 டிசம்பரில் மகேந்தர் சாவ்லா வழக்கில், சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்துக்கு உச்ச நீதிமன்றம் சட்டத்துக்கு இணையான நிலையைத் தந்தது. புதிய குற்ற நடைமுறைச் சட்டத்தின் 398ஆம் பிரிவு ஒவ்வொரு மாநிலமும் இத்தகைய திட்டத்தை வகுக்க வேண்டும் என்கிறது. இத்திட்டம் வழக்கின் சாட்சிக்கு உதவும். வழக்கு தொடங்கும் முன்பே தகவல் தரும் ஊழியருக்கு அது போதாது.

கணினிக் காலத்தில்

உதவித்தொகை வங்கிக் கணக்குக்கு நேரடியாகச் செல்லத் தொடங்கியதும், போலிக் கைரேகைக்கான வாய்ப்பு குறைந்தது. மோசடியோ வடிவம் மாறியது. 2018 செப்டம்பரில் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டம் பற்றி 2023இல் வெளியான தணிக்கை அறிக்கை, ஏறத்தாழ 7.5 லட்சம் பயனாளிகள் ஒரே கைபேசி எண்ணுடன் இணைக்கப்பட்டிருந்ததைக் கண்டது. சிகிச்சையின்போது இறந்ததாகப் பதிவான 88,760 நோயாளிகளின் பெயரில், புதிய சிகிச்சைக்காக 2,14,923 கோரிக்கைகள் வழங்கப்பட்டதாகக் கணினி காட்டியது. தமிழ்நாட்டில் ஏழு ஆதார் எண்களில் 4,761 பதிவுகள் இருந்தன.

இங்கும் பழைய எச்சரிக்கை பொருந்தும். ஒரே கைபேசி எண் என்பது மோசடியாகவும் இருக்கலாம்; எண் இல்லாதவருக்குப் பதிவாளர் ஏதோ ஒன்றை உள்ளிட்ட சோம்பலாகவும் இருக்கலாம். வேறுபாட்டைக் காட்டுவது யார், எந்தக் கணினியிலிருந்து, யாருடைய கடவுச்சொல்லால் பதிந்தார் என்ற தடம்தான். மின்னணுப் பதிவைச் சான்றாக ஏற்க, பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு கோரிய சான்றிதழை இப்போது பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவு கோருகிறது. மூலக் கருவியையே நீதிமன்றத்தில் வைக்காத நிலையில் இச்சான்றிதழ் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2020இல் உறுதிசெய்தது.

பாதிப்பு

சுகாதார நிதி மோசடியில் நேரடியாகப் பாதிக்கப்பட்டவர் பெரும்பாலும் நீதிமன்றத்துக்கு வருவதில்லை. தம் பெயரில் 1,400 ரூபாய் எடுக்கப்பட்டதை அந்தத் தாய் அறியாமலே இருக்கலாம். துணை சுகாதார நிலையத்தில் மருந்து இல்லை என்று திரும்பிச் சென்றவருக்கு, அது வந்ததாகப் பதிவேட்டில் எழுதப்பட்டிருப்பது தெரியாது. எனவே அவர்கள் சார்பில் பேசக்கூடியது அந்தப் பதிவேடு மட்டுமே. அன்றாடம் தேதியிட்டு, பக்க எண்ணிட்டு, பொருளை எண்ணிப் பார்த்துக் கையொப்பமிடப்பட்ட இருப்புப் பதிவேடு மோசடியைத் தடுக்கும் முதல் தடையாகவும், மோசடி நடந்துவிட்டால் நீதிமன்றத்தில் நிற்கும் முதல் சாட்சியாகவும் அமைகிறது.